ஏழிலிருந்து ஒன்பது வரை

காலை ஏழிலிருந்து ஒன்பது வரை இரைப்பையின் நேரம் என்கிறது சீன மருத்துவம். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் பெருங்குடலுக்கு, பிந்தைய இரண்டு மணி நேரம் மண்ணீரலுக்கு, நள்ளிரவு தாண்டி ஒன்றிலிருந்து மூன்று வரை கல்லீரலுக்கு என்று ஒரு முழுநாளைப் பன்னிரண்டு உறுப்புகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும் வட்டப்படம் ஒன்றுண்டு. அக்குபங்சர் பார்க்கும் அறைகளில் அதைச் சட்டமிட்டு மாட்டியிருப்பார்கள். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் அந்த இரண்டு மணி நேரத்தில் நடப்பதைப் பார்த்துப் பழகியவர்களால் அந்தப் படத்தைச் சும்மா கடந்துவிட முடியாது. இரவு ஷிப்ட் முடித்தவர்களை இறக்கிவிட்டபடி கம்பெனி பஸ்கள் போகின்றன. ஜெனரல் ஷிப்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு வேறு பஸ்கள் எதிரே வருகின்றன. கழுத்திலிருக்கும் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் தள்ளுவண்டி முன் நின்று நான்கு இட்லி சாப்பிடுகிறான் ஒருவன். அவனுக்கு அது ராத்திரிச் சாப்பாடு. சாப்பிட்ட கையோடு அறைக்குப் போய், ஜன்னலை மறைக்கப் போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்துவிடுவான். பக்கத்தில் நின்று அதே இட்லியை அவசர அவசரமாக விழுங்குகிறவனுக்கு அது காலைச் சாப்பாடு. அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். இந்த இருவரில் எவனுடைய இரைப்பைக்கு இது நேரம்? வெகுநாளாக எனக்குள் கிடக்கும் கேள்வி இது. சீன மருத்துவத்தின் மீது சந்தேகம் கிளப்புவதற்காக இதைக் கேட்கவில்லை. அந்த மருத்துவத்தை நம்பிப் படியேறிப் போகிற பையன்களைப் பார்க்கும்போது எழுகிற கேள்வி.

இந்தப் பக்கம் அந்தப் பையன்களின் வயிற்றுத் தொல்லையைக் கேஸ் என்பார்கள், அசிடிட்டி என்பார்கள், எண்டோஸ்கோப்பி பார்க்காமலேயே அல்சர் என்று தீர்மானித்துவிடுவார்கள். உட்கார்த்திவைத்துக் கேட்டால் விவரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். நாலு வாய் உள்ளே போனதுமே வயிறு நிறைந்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. சாப்பிட்டது இறங்க மாட்டேன் என்கிறது. புளியேப்பம், உப்புசம், நெஞ்சுக்குழியில் ஓர் எரிச்சல். பஸ்ஸில் உட்கார்ந்தால் குமட்டல், இறங்கினால் சரியாகிவிடுகிறது. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. உண்டு, ஆனால் அங்கே போய் வரிசையில் நிற்க ஒரு நாள் லீவு வேண்டும். ஆகவே மெடிக்கல் ஷாப்பில் ஒரு கேஸ் மாத்திரை, பெட்டிக்கடையில் ஓர் ஈனோ பாக்கெட், அதுவும் கேட்காவிட்டால் மறுநாள் இரண்டு. எப்படியோ நேரம் கண்டுபிடித்து வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு வந்தவர்களில் நிறையப் பேருக்குக் கிடைக்கும் பதில், ‘ஒன்றுமில்லை, எல்லாம் நார்மல்’ என்பது. மருத்துவத்தில் இதற்குப் பெயர் உண்டு, இலக்கணமும் உண்டு. செரிமானக் கோளாறுகளுக்கான ரோம் வரையறையின், 2016இல் வெளியான நான்காம் பதிப்பு இதைச் செயல்பாட்டுச் செரியாமை என்கிறது. உறுப்பில் புண் இல்லை, கட்டி இல்லை. வேலை செய்யும் விதத்தில் கோளாறு. ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், கடைசி மூன்று மாதமாவது தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். இந்த இலக்கணமெல்லாம் அந்தப் பையனுக்கு வந்துசேர்வதில்லை. வந்துசேர்வது ‘ஒன்றுமில்லை’ மட்டும்தான். நெஞ்சுக்குழியில் ஒன்று இருந்துகொண்டே இருக்க, ஒன்றுமில்லை என்ற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? ரூம்மேட் ஒருவன் சொன்னான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்குபங்சர் ஹீலரைப் பார்க்கப் போகிறான்.

ஹீலர்கள் வைத்தியம் பார்க்கும் மாடியறைகளின் வாசலில் செருப்புகளோடு சேஃப்டி ஷூக்களும் கிடக்கும். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பாய் அல்லது ஒரு கட்டில். மருந்து வாடை இல்லை, பரிசோதனைச் சீட்டு எதையும் கேட்பதில்லை. ஹீலர் அவன் மணிக்கட்டை எடுத்துத் தன் மூன்று விரல்களை வைக்கிறார். சுட்டுவிரல் மணிக்கட்டு மடிப்பை ஒட்டி, நடுவிரல் எலும்பு மேடேறும் இடத்தில், மோதிரவிரல் அதற்குப் பின்னால். வலக்கையில் நடுவிரல் படும் இடம்தான் இரைப்பைக்கும் மண்ணீரலுக்கும் என்பது சீன நாடிக் கணக்கு. முதலில் மேலாகத் தொட்டு, பிறகு லேசாக அழுத்தி, பிறகு எலும்பு தட்டும் வரை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். நம் சித்த மருத்துவரும் மூன்று விரலைத்தான் வைக்கிறார். அவர் அங்கே வாதம், பித்தம், கபம் என்று படிக்கிறார். வேறு வேறு கணக்குப் போடும் இரண்டு மரபுகள் ஒரே தோலில் ஒரே மூன்று விரலை வைத்தது தற்செயலா, பரிமாற்றமா என்று அறிஞர்கள் பேசட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஒரு நிமிடம். எட்டு மணி நேரம் அந்தக் கை டார்க் கன் பிடித்திருக்கிறது, போல்ட் எடுத்து வைத்திருக்கிறது. இப்போது அதை வேறொருவர் பேசாமல் பிடித்துக்கொண்டு, உள்ளே என்ன ஓடுகிறது என்று கவனிக்கிறார். பிறகு அவன் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டச் சொல்லி, முட்டிச் சில்லுக்குக் கீழே நான்கு விரல் அளந்து, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளிப்பக்கம் தள்ளி, தசை லேசாகக் குழியும் இடத்தைத் தொடுகிறார். ‘இங்க வலிக்குதா தம்பி?’ வலிக்கிறது. வயிற்றைத் தொடாமலேயே வயிற்றின் வலியைக் கண்டுபிடித்துவிட்டார் என்ற வியப்பு அந்த முகத்தில் தெரியும். சூசான்லி என்று சீனர்கள் அழைக்கும் அந்தப் புள்ளியில் வயிற்று நோய்க்கு ஊசி குத்துவதும் மூலிகைத் திரி சுடுவதும் பல நூற்றாண்டுப் பழக்கம். இங்கே பெரும்பாலும் ஊசி இல்லை; விரல் மட்டும்.

அந்த வைத்தியம் நம்மிடம் வந்துசேர்ந்த வழியை நினைத்தால், வரும் வழியில் அது எதையெல்லாம் கீழே போட்டுவிட்டு வந்திருக்கிறது என்பதும் நினைவுக்கு வருகிறது. 1938இல் ஜப்பானியப் படையெடுப்புக்கு நடுவே சீனாவுக்குப் போன ஐந்து இந்திய மருத்துவர்களில் ஒருவர் கோட்னிஸ். அவர் 1942இல் அங்கேயே இறந்துபோனார். அதே குழுவில் இருந்த விஜய் குமார் பாசு திரும்பி வந்தார்; பிறகு 1950களின் இறுதியில் மறுபடி சீனா போய் ஊசி வைத்தியம் கற்றுவந்து கல்கத்தாவில் தொடங்கினார். தெற்கே கொழும்பில் களுபோவில மருத்துவமனையில் அண்டன் ஜயசூரிய நடத்திய அக்குபங்சர் பிரிவு பலருக்குப் பள்ளியானது. இந்திய அரசு 2003இல் இதை ஒரு சிகிச்சை முறையாகவும் 2019இல் தனி மருத்துவ முறையாகவும் ஏற்றுக்கொண்டது. இப்படி வந்தது ஊசி மட்டும்தான். சீனாவில் நாள்பட்ட செரியாமைக்காக ஒருவர் மருத்துவரிடம் போனால் ஊசிக்கு முன்பே கைக்கு வருவது கஷாயப் பொட்டலமாகத்தான் இருக்கும். காய்ந்த ஆரஞ்சுத் தோல், இஞ்சி, அதிமதுரம், ஏலத்தின் உறவுக்காரக் காய்கள். குளிர்ச்சியால் வரும் வயிற்று வலிக்கு அவர்கள் தரும் ஒரு பழைய உருண்டையில் இரண்டே சரக்குகள்: சித்தரத்தை இனத்துக் கிழங்கு ஒன்று, கோரைக்கிழங்கு ஒன்று. காஞ்சிபுரத்து நாட்டு மருந்துக் கடையில் இரண்டும் சாக்கில் கிடக்கின்றன. ஒரகடத்து ஏரிக்கரையில் கோரை தானாகவே முளைத்துக் கிடக்கிறது. ஆனாலும் அந்தப் பாதி வைத்தியம் இங்கே வரவில்லை. தமிழ்நாட்டுக்கு வந்தபின் பல ஹீலர்கள் ஊசியையும் விட்டுவிட்டார்கள்; மருந்தே வேண்டாம் என்பது ஒரு கொள்கையானது. மருந்தும் ஊசியும் போன பிறகு மிஞ்சியது ஒரு தொடுதலும் நான்கு அறிவுரைகளும். பசித்தால் மட்டும் சாப்பிடு. தாகம் எடுத்தால் மட்டும் தண்ணீர் குடி. உடம்பு கேட்டால் ஓய்வு கொடு. தூக்கம் வந்தால் தூங்கு.

இவற்றில் ஒன்றுகூடத் தப்பில்லை. வயிற்றைப் பற்றி இதைவிட நல்ல அறிவுரையை எந்த மரபும் சொல்லிவிட முடியாது. திருக்குறளில் மருந்து அதிகாரமே பெரும்பாலும் முன்பு உண்டது செரித்த பிறகு உண்பதைப் பற்றித்தான் பேசுகிறது. என்னைத் தொந்தரவு செய்வது வேறு. இந்த நான்கும் யாரிடம் சொல்லப்படுகின்றன? பசித்தால் சாப்பிடலாம், ஆனால் கேன்டீனில் அவனுடைய லைனுக்கு ஒதுக்கிய நேரம் பதினொன்றரை. ஆறு மணிக்கு நுழைந்தவனுக்கு அதற்குள் பசி வந்து, கத்தி, அடங்கிப்போயிருக்கும். அல்லது பசியே இருக்காது. எப்படியானாலும் இப்போது சாப்பிடாவிட்டால் இரண்டு மணிக்கு பஸ் ஏறி அறைக்குப் போய்தான் சாப்பாடு. அரை மணி நேரத்தில் கை கழுவி, நடந்து, வரிசையில் நின்று, தட்டு வாங்கி, உட்கார்ந்து, சாப்பிட்டு, திரும்பி நடக்க வேண்டும். மென்று தின்னக் கிடைப்பது பத்து நிமிடம். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கலாம். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போக ரிலீவர் வர வேண்டும், ரிலீவர் ஒருவர்தான், அவர் வேறு ஸ்டேஷனில் நிற்கிறார். பெண்கள் வேலை செய்யும் லைன்களில் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது தானாகவே பழகிவிடுகிற ஒன்று. உடம்பு கேட்கும் ஓய்வைக் கொடுக்கலாம். கான்ட்ராக்டில் இருப்பவனுக்கு லீவு என்றால் அன்றைய கூலி இல்லை, மாதக் கடைசியில் வருகைக்கான ஊக்கத்தொகையும் இல்லை. தூக்கம் வந்தால் தூங்கலாம், நான்கு பேர் தங்கும் அறையில் மற்ற மூவரும் வேறு ஷிப்டில் இருக்கிறார்கள். அறிவுரை முழுக்க உடம்பின் சொந்தக்காரனிடம் சொல்லப்படுகிறது. உடம்பின் நேரத்துக்குச் சொந்தக்காரர் அந்த அறையில் இல்லை.

இதன் விளைவு ஒன்றை நான் கண்டிருக்கிறேன். அதுதான் என் தீராத குறை. சில வாரம் போய்வந்த பிறகும் குணமாகாத பையன் தன்னையே நொந்துகொள்கிறான். ‘நான்தான் சார் சொன்னபடி ஃபாலோ பண்ணல’ என்கிறான். மாத்திரை சாப்பிட்டுக் குணமாகாவிட்டால் மாத்திரையைத் திட்டலாம். பசியையும் தூக்கத்தையும் மருந்தாகக் கொடுத்துவிட்ட இடத்தில் தோல்வி முழுக்க நோயாளியின் தலையில் விழுகிறது. ஹீலர் யாரும் அப்படி நினைத்துச் சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியும். பலர் கட்டணம் கேட்காமல் பார்க்கிறார்கள், மனம் விட்டுப் பேசுகிறார்கள். ஆனாலும் அறிவுரையின் அமைப்பே அப்படி இருக்கிறது. உன் வயிறு, உன் வாய், உன் பழக்கம் என்று அது சுருங்கிக்கொண்டே வந்து கடைசியில் ஒரு தனிமனிதனின் ஒழுக்கமாகிவிடுகிறது.

இதை யோசிக்கும்போதெல்லாம் நான் லி தோங்யுவான் என்ற மருத்துவரிடம் திரும்பத் திரும்பப் போகிறேன். 1180இல் பிறந்து 1251இல் இறந்தவர். சீன மருத்துவத்தில் இரைப்பைக்கும் மண்ணீரலுக்கும் தனி இடம் பெற்றுத் தந்தவர் இவர். 1249இல் எழுதிய அவருடைய நூலின் பெயரே மண்ணீரலையும் இரைப்பையையும் பற்றிய ஆய்வு என்பதுதான். 1232இல் கைஃபெங் நகரை மங்கோலியப் படை முற்றுகையிட்டபோது அவர் அங்கே இருந்தார். முற்றுகை நீங்கிய பிறகு ஊரே நோயில் விழுந்தது. நகரத்துக்குப் பன்னிரண்டு வாசல்கள்; ஒவ்வொரு வாசல் வழியாகவும் ஒரு நாளைக்கு ஆயிரத்துக்குக் குறையாமல், சில நாள் இரண்டாயிரம் வரை பிணங்கள் வெளியே போயின, ஏறக்குறைய மூன்று மாதம் இப்படியே நடந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். மற்ற மருத்துவர்கள் வெளியிலிருந்து வந்த குளிர் தாக்கியது என்று முடிவுகட்டி, வியர்க்கவைக்கவும் பேதியாகவும் மருந்து கொடுத்தார்கள்; நோயாளிகள் இன்னும் வேகமாகச் செத்தார்கள். லி வேறொன்றைக் கேட்டார். இத்தனை லட்சம் பேரும் ஒரே நேரத்தில் குளிரில் அடிபட்டார்களா? முற்றுகைக்குள் அவர்கள் காலையில் பட்டினி கிடந்தார்கள், மாலையில் கிடைத்ததை அள்ளித் தின்றார்கள், படுப்பதற்கும் எழுவதற்கும் நேரமில்லை, உழைப்பு ஓயவில்லை, பயமும் கவலையும் விடவில்லை. மாதக்கணக்கில் இரைப்பையின் வலு தேய்ந்துபோன உடம்புகள் அவை. முற்றுகை விலகிச் சோறு கிடைத்ததும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள், அதையும் தாங்க முடியவில்லை. இதற்கு அவர் உட்சேதம் என்று பெயர் வைத்தார். அந்தக் கொள்ளைநோய் பிளேக்காக இருந்திருக்கலாம் என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் அவர் கண்ட காரணம் தவறு. இருக்கட்டும். ஒரு நகரத்தின் செரியாமையைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டவர்களின் பழக்கத்தைக் குறை சொல்லாமல், அவர்கள் எந்த மதிலுக்குள் எத்தனை நாள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று கேட்ட அந்தக் கேள்வி தவறில்லை. காலையில் பட்டினி, மாலையில் அள்ளித் தின்பது, நேரம் தவறிய படுக்கை, ஓயாத உழைப்பு, கவலை என்ற அந்தப் பட்டியலை எட்டு நூற்றாண்டு கழித்து மாத்தூர், வல்லம், பண்ருட்டி கிராமத்து வாடகை அறைகளில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கவலை இரைப்பையையும் மண்ணீரலையும் தாக்கும் என்பது சீன மருத்துவத்தின் அடிப்படைப் பாடம், நம் ஹீலர்களும் அதைச் சொல்லித்தருகிறார்கள். அடுத்த மாதம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படுமா என்பதும் கவலைதான். ஆனால் அதை அவர்கள் அந்தப் பாடத்தில் சேர்ப்பதில்லை.

சரி, தொடுதலால் பலன் உண்டா? உண்டு என்று சொல்பவர்களை நான் நம்புகிறேன், ஊசியை வைத்துச் செய்த ஆய்விலிருந்து அதற்கு ஆதாரமும் ஓரளவு இருக்கிறது. சாப்பிட்டபின் வயிறு நிறைந்து அவதிப்படும் 278 பேரை வைத்து சீனாவின் ஐந்து மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வொன்று 2020இல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் வெளியானது. நான்கு வாரம், பன்னிரண்டு அமர்வு. உரிய புள்ளிகளில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 83 சதவீதம் பேர் தேறியதாகச் சொன்னார்கள். புள்ளியல்லாத இடங்களில் பேருக்கு ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ 52 சதவீதம் பேர் தேறினார்கள். மூன்று முக்கியத் தொல்லைகளும் அறவே நீங்கியவர்கள் என்று பார்த்தால் 28 சதவீதமும் 17 சதவீதமும். இந்த எண்களை ஊசியின் வெற்றி என்று படிப்பவர்கள் உண்டு, ஏமாற்று ஊசியே பாதிப் பேருக்குப் போதுமானதாக இருந்தது என்று படிப்பவர்களும் உண்டு. நான் அந்த 52இல் நின்றுவிடுகிறேன். வாரம் மூன்று முறை வீட்டைவிட்டுக் கிளம்பி ஓரிடத்துக்குப் போய், மல்லாந்து படுத்து, சிறிது நேரம் எதுவும் செய்யாமல் கிடந்து, ஒருவர் வந்து ‘இப்போது எப்படி இருக்கிறது’ என்று கேட்கப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு வயிறு இளகிவிட்டது. இதைப் போலி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இரைப்பை நரம்புகளால் மூளையோடு கட்டுண்ட உறுப்பு. பதற்றத்தில் சுருங்குவதும் நிம்மதியில் இளகுவதும் அதன் இயல்பு. ஆனால் நான்கு வாரம், வாரம் மூன்று முறை என்ற அந்தக் கணக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும் ஒருவனால் முடியுமா? அவன் வருவது ஞாயிற்றுக்கிழமைகளில். ஓ.டி. போட்டுவிட்டால் அதுவும் இல்லை.

வட்டப்படம் சொல்லும் உறுப்புக் கடிகாரத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இந்த இரண்டு மணி இரைப்பைக்கு, அடுத்த இரண்டு மணி மண்ணீரலுக்கு என்ற பங்கீட்டை யாரும் அளந்து நிரூபிக்கவில்லை. ஆனால் வயிற்றுக்குப் பகல் வேறு, ராத்திரி வேறு என்பதை அளந்திருக்கிறார்கள். ஒரே சாப்பாட்டைக் காலையில் கொடுத்தும் இரவில் கொடுத்தும் பார்த்தால், இரவில் இரைப்பை அதை மெதுவாகத்தான் கீழே தள்ளுகிறது. வெறும் வயிற்றில் அமிலம் அதிகம் சுரப்பதும் முன்னிரவிலிருந்து நள்ளிரவு தாண்டிய நேரத்தில்தான். உயிரணுக்களுக்குள் ஓடும் இந்தக் கடிகாரத்தின் இயக்கத்தைப் பழ ஈயில் கண்டுபிடித்ததற்காக 2017இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூளையிலிருக்கும் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்கிறது; ஈரலிலும் குடலிலும் இருப்பவை சாப்பாட்டைப் பார்த்து. இரவு ஒன்றரைக்கு கேன்டீனில் சோறும் சாம்பாரும் விழும்போது இவை இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. நிரந்தரமாக இரவு வேலை பார்ப்பவனின் உடம்பாவது ஓரளவு சமாதானத்துக்கு வரக்கூடும். வாராவாரம் மாறுகிறவனுக்கு உடம்பு பழகத் தொடங்கும்போதே ஷிப்ட் மாறிவிடுகிறது. ஆக, சுவரிலிருக்கும் வட்டப்படம் அடிப்படையில் ஓர் உண்மையைச் சொல்கிறது. ஆனால் அது சூரியனைப் பார்த்து விவசாயம் செய்த ஊருக்குப் போட்ட படம். ஏரிப்பாசன நெல்வயல் இருந்தவரை ஒரகடத்துக்கும் அது பொருந்தியிருக்கும். சிப்காட் வந்து, 2010இலிருந்து கார், லாரி, டயர், பைக் ஆலைகள் வரிசையாகத் திறந்து, இரவும் பகலும் ஒன்றான இடத்தில் அந்தப் படத்தை அப்படியே காட்டி ‘ஏழு மணிக்குச் சாப்பிடு தம்பி’ என்று சொல்லும்போது, இரவு ஷிப்ட் முடித்தவன் ஏழு மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு ஏழரைக்குப் படுக்கிறான். புளியேப்பம் அதிகமாகிறது. சொன்னதை அவன் சரியாகத்தான் செய்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கமில்லை. எடை குறைந்துகொண்டே போவது, மலம் கறுப்பாகப் போவது, வாந்தியில் ரத்தம், விழுங்கும்போது தடை, காரணமில்லாத ரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மாடிப்படி ஏறக்கூடாது, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமி காரணம் என்று 1980களில் மார்ஷலும் வாரனும் காட்டினார்கள். 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமி இந்தியாவில் பரவலாக இருக்கிறது, சில வார மாத்திரையில் போகக்கூடியது. அதைத் தொட்டுக் குணப்படுத்த முடியாது. ‘கேஸ்தான்’ என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தவருக்கு மாரடைப்பாக இருந்த கதைகள் ஊரெல்லாம் உண்டு. மருந்தே விஷம் என்று மேடைபோட்டுச் சொல்பவர்கள் இந்த இடத்தில் செய்வது வைத்தியமல்ல. நல்ல ஹீலர்கள் இதை அறிவார்கள், அனுப்பிவைக்கவும் செய்கிறார்கள்.

2021 டிசம்பரில் ஆப்பிளுக்கு வேலை செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் கெட்டுப்போன சாப்பாடு சாப்பிட்டு நோயுற்று, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது, ஜனவரியில்தான் திறந்தது. ஆப்பிள் நிறுவனம் தலையிட்டது, விடுதிகளையும் சாப்பாட்டையும் பற்றி உலகப் பத்திரிகைகள் எழுதின. ஒரே நாளில் நூற்றைம்பது வயிறுகள் கெட்டால் அது செய்தி. ஆயிரக்கணக்கான வயிறுகள் ஒவ்வொன்றாக, வருடக்கணக்கில், தங்கள் தங்கள் அறையில் கெட்டால் அது யாருக்கும் தெரியாது. நாள்பட்ட செரியாமையால் யாரும் சாலையில் உட்கார முடியாது. எழுந்து வேலைக்குப் போகிற அளவுக்குத் தெம்பு இருந்துகொண்டேதான் இருக்கும். இதுவே என் சங்கடத்தின் மறுபக்கம். ஹீலரின் தொடுதலால் ஞாயிறு மாலை வயிறு இளகியவன் திங்கட்கிழமை லைனில் நிற்கிறான். அந்த நிவாரணம் உண்மையானது, அதை அவனுக்குக் கொடுக்காதே என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனாலும் அந்த நிவாரணத்தில் ஒரு பங்கு ஆலைக்கும் போகிறது, ஆலை அதற்காக ஒரு ரூபாயும் செலவழிக்கவில்லை என்பதை என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சீன மருத்துவத்தில் நோயாளியிடம் கேட்க வேண்டிய பத்துக் கேள்விகள் என்று ஒரு மரபு உண்டு. மிங் காலத்து சாங் ஜிங்யுவே தொகுத்தது. குளிரா சூடா, வியர்க்கிறதா, தலையும் உடம்பும் எப்படி, மலம் சிறுநீர் எப்படி, சாப்பாடு எப்படி, நெஞ்சு எப்படி, காது, தாகம் என்று போகும். நம் மாடியறைகளில் இவற்றில் பலவற்றைக் கேட்கிறார்கள். ஒரகடத்தில் இந்தப் பட்டியலில் இன்னும் சில கேள்விகளைச் சேர்க்க வேண்டும் என்பதே என் ஆசை. இந்த வாரம் எந்த ஷிப்ட்? போன வாரம்? பகலிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து இரவுக்கும் முன்னோக்கி மாற்றுகிறார்களா, தலைகீழாகவா? முன்னோக்கிப் போவதை உடம்பு சற்று எளிதாகத் தாங்கும் என்பது தெரிந்த விஷயம். எந்த முதலீடும் இல்லாமல் ஓர் ஆலை நாளையே செய்யக்கூடிய மாற்றம். சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம், அதில் நடை எவ்வளவு, வரிசை எவ்வளவு? இரவுச் சாப்பாட்டில் என்ன இருந்தது? 1948இல் எழுதிய தொழிற்சாலைச் சட்டமே 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வேண்டும் என்றது. ஐந்து மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி இடைவேளை விட வேண்டும் என்றது. கேன்டீனை நடத்தும் குழுவில் தொழிலாளர்களுக்கும் இடம் உண்டு என்றது. அந்தக் குழுவில் உட்காரும் தொழிலாளி, இரவு ஒன்றரை மணிக்கு எண்ணெயில் பொரித்ததும் சோறும் வேண்டாம், கஞ்சியும் இட்லியும் போடுங்கள் என்று கேட்கலாம். அவன் சொல்வதோடு ஒரு கணக்கும் கையில் இருந்தால் பேச்சுக்கு எடை கூடும். லி தோங்யுவான் வாசல் வாசலாகப் போன பிணங்களின் கணக்கை எழுதிவைத்ததாலும்தான் அந்த நகரத்துக்கு என்ன நேர்ந்தது என்று இன்று நமக்குத் தெரிகிறது. ஞாயிறுதோறும் இத்தனை மணிக்கட்டுகளைப் பிடிக்கும் ஹீலர்கள், பெயரும் கம்பெனியும் எழுத வேண்டாம், ஷிப்டையும் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் தூங்கிய மணியையும் மட்டும் ஒரு நோட்டில் குறித்துவைத்தால் போதும். ஒரு வருடத்து நோட்டை ஈ.எஸ்.ஐ. மருத்துவரிடமும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளரிடமும், தொழிற்சங்கத்திலும் கொண்டுபோய் வைக்கலாம்.